கோடையில் பழவேற்காடு: படகில் ஏறும் முன்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பழவேற்காடு, ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய கோடைச் சுற்றுலா இடங்களில் செலவு குறைந்த ஒன்று. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் போதும். சில்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்கே இருக்கிறது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்துக்குள் போக, தென்கோடி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில் வருகிறது. தோணிரேவு, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலான மீனவ ஊர்கள் இந்தத் தென்பகுதியைச் சேர்ந்தவை.

பூநாரையைக் காட்டுவதாகச் சொல்லிப் பிள்ளைகளை மே மாதத்தில் அழைத்துவந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பூநாரைக் கூட்டம் மழைக்காலத்தை ஒட்டி வந்து பங்குனி வாக்கில் பெரும்பாலும் கிளம்பிவிடும். கோடையில் பார்க்கத் தக்கது கரைமேல் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இன்று புதரும் மேடுமாகக் கிடந்தாலும், அவர்களின் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நன்றாகவே இருக்கிறது. வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்த்துப் பயப்படாத பிள்ளை, உள்ளே உள்ள கல்வெட்டு எழுத்துகளையும் விரலால் தடவிப் பார்க்கும். காலை பத்து மணிக்குள் இதை முடித்துக்கொள்வது நல்லது. அதற்குமேல் கருங்கல்லில் கால் வைக்க முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் ஏரி நண்டுக்கும் இறாலுக்கும் கிராக்கி கூடும். ஆழமில்லாத இடங்களில் இருளர் பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போட வைத்திருக்கும் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். அதனால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். நகரத்துப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் பார்க்க முடியாத தொழில் இது. பறியைப் பார்த்த பிள்ளைக்கு, வீட்டில் சனி ஞாயிறு பொழுதுபோக்காக ஓலை முடையச் சொல்லிக்கொடுப்பதும் எளிது. பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் பனங்குருத்தைச் சாயம் தோய்த்துப் பெட்டி, கூடை முடைகிறார்கள். குருத்தோலையைக் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்து, பின்னும் முன் லேசாக நனைத்துக்கொண்டால் ஒடியாது. அடிப்பாகம் சரியாக அமைந்துவிட்டால் மேலே தானாக எழும்பும்.

இவை எல்லாம் இருந்தும், வருகிற குடும்பங்கள் முதலில் கேட்பது படகைத்தான். ஏரியில் போய் முகத்துவாரத்தைப் பார்த்து, மணல் திட்டில் இறங்கி, சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று அப்படிப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மூழ்கினார்கள். பெரும்பாலோர் உறவுக்காரர்கள், குழந்தைகளும் உண்டு. யாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. அதன்பின் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஆனாலும் விடுமுறை நாளில் கேட்டால் படகு கிடைக்காமல் போவதில்லை. மீன்பிடித் தடைக்காலத்திலும் மீன் குறைந்த நாளிலும் அடுப்பெரிவது இந்தச் சவாரியால்தான் என்பது படகுக்காரர்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் அது தண்ணீருக்குத் தெரியாது.

சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உள்ள ஏரியில் எப்படி மூழ்க முடியும் என்ற கேள்வி இயல்பானது. சராசரி என்பது ஏமாற்றும் கணக்கு. முகத்துவாரத்தை நோக்கிப் போகும் கால்வாய்ப் பகுதி மற்ற இடங்களைவிட ஆழம். கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் குறுகும்போது, வற்றத்தில் வெளியேறும் தண்ணீர் முழுவதும் அந்த இடுக்கு வழியாகவே இழுத்துக்கொண்டு ஓடும். ஆழமில்லாத இடத்திலும் அடிச்சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். பதற்றத்தில் உதைப்பவர் இன்னும் புதைவார். போதாததற்குப் பிற்பகலில் கடற்காற்று எழும்பி அலை கூடும். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை இதைப் பேச்சோடு பேச்சாகக் கற்றுக்கொள்கிறது. காலையில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

படகின் அமைப்பும் இந்த ஆபத்துக்குத் துணைபோகிறது. மீன்பிடிக்கும் பைபர் படகில் வலையும் பனிக்கட்டியும் மீனும் அடியில் கிடக்கும். பாரம் கீழே இருப்பதால் படகு நிலையாக நிற்கும். அதே படகில் இருபது பேர் எழுந்து நின்றால் பாரம் மேலே ஏறிவிடும். யாரோ எதையோ காட்டி எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் விளிம்பு தண்ணீரைத் தொடும். தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் மற்றது நொடிக்கணக்கு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்தபோதும் பயணிகள் ஒரு பக்கம் திரண்டதாகவே பேசப்பட்டது. 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை மாலை, மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் 22 பேரைப் பலிகொண்டது, மீன்பிடிப் படகிலிருந்து மாற்றியமைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட சுற்றுலாப் படகு. இறந்தவர்களில் 11 பேர் ஒரே குடும்பம். பள்ளி விடுமுறைக் காலம்.

எனவே கோடைப் பயணத்துக்கு முந்தைய சனிக்கிழமை வீட்டில் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு: லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்ப்பது. தலையைத் தண்ணீருக்கு மேலே நிறுத்த வயதுவந்த ஒருவருக்கு மூன்று முதல் ஐந்து கிலோ வரையிலான கூடுதல் மிதப்பே போதுமானது. ஆனால் சட்டை உடம்பை விட்டுக் கழன்றால் அந்த மிதப்பால் பயனில்லை. லைஃப் ஜாக்கெட்டை உடல் எடைக்குப் பொருத்தமாக வாங்கி, எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, பிள்ளையைக் கையைத் தூக்கி நிற்கச் சொல்லி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். சட்டை காதுவரை ஏறினால் அது பெரிய அளவு. சின்னக் குழந்தைகளுக்குக் கால் இடையே போகும் பட்டை அவசியம். அதை மாட்டாமல் விடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. கடற்கரைக் கடையில் தொங்கும் காற்றடைத்த பொம்மை வளையம் இந்தக் கணக்கில் சேராது. காற்று அதையும் பிள்ளையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும்.

அதே சனிக்கிழமை மாலையில் மீட்புக் கயிறு ஒன்றும் செய்யலாம். மூடியோடு கூடிய ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி இறுக மூடி, கைப்பிடியில் பதினைந்து மீட்டர் கயிறு கட்ட வேண்டும். வெறும் கேனைக் காற்று திருப்பிவிடும். தண்ணீர்ப் பாரம் இருந்தால் எறிந்த பக்கம் போகும், மீதிக் காற்று அதை மிதக்க வைக்கும். விழுந்தவரின் தலையைத் தாண்டி எறிந்து அவர் கைக்கு வரும்படி இழுக்க வேண்டும். காப்பாற்றப் போகிறவர் தண்ணீரில் குதிக்கக் கூடாது. மொட்டை மாடியில் ஒரு வாளியைக் குறிவைத்துப் பிள்ளைகளே பழகலாம். கயிறு வாங்கும்போது நைலான் வேண்டாம், அது தண்ணீரில் மூழ்கும். பாலிபுரொப்பிலின் கயிறு மிதக்கும்.