கூடாரம் விரிக்கும் முன் அனுமதிக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்

வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிறது: பழவேற்காடு, கலங்கரை விளக்கம், படகுச் சவாரி, மணல் தீவில் ஓர் இரவு கூடாரம். ஜிபேயில் முன்பணம் அனுப்பிவிட்டுக் குழந்தைகுட்டியோடு கிளம்பிவிடுகிறார்கள். அனுமதி உண்டா என்று கேட்டால், "அதெல்லாம் பேசியாச்சு சார்" என்று பதில் வரும். யாரிடம் பேசினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. வனத்துறையினர் வந்து நிற்கும்போது ஏற்பாட்டாளரின் செல்போன் அணைந்திருக்கும். வழக்கு உங்கள் பெயரில் இருக்கும்.

2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு படகுச் சவாரிக்குத் தடை வந்தது. விபத்து நடந்தால் அறிவிப்புப் பலகை நடுவார்கள், சில வாரம் சோதனை நடக்கும். பிறகு பலகை துருப்பிடிக்கும், படகுகள் மறுபடி ஆள் ஏற்றும். மீன்பிடிப் படகு மீன் பிடிக்கத்தான் பதிவு செய்யப்பட்டது, பயணிகளை ஏற்ற அல்ல. உயிர்காப்பு உடை இல்லாத படகில் கால் வைக்காதீர்கள்.

கலங்கரை விளக்கத்தைப் பார்க்கப் படகே வேண்டாம். லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் பாலம் இருக்கிறது. ஆனால் எல்லாக் கலங்கரை விளக்கங்களிலும் பொதுமக்களை மேலே ஏற விடுவதில்லை. கலங்கரை விளக்கங்கள் இயக்ககத்தின் சென்னை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளம் இருக்கிறது. அந்தப் பக்கம் நடந்து போவதும் டிரோன் பறக்கவிடுவதும் விளையாட்டல்ல.

பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 28ஆம் பிரிவுப்படி, சுற்றுலாவுக்காகச் சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தரும் அதிகாரம் தலைமை வனவுயிரினக் காப்பாளருக்கு உண்டு. படகுக்காரருக்கோ ஊர்ப் பெரியவருக்கோ அந்த அதிகாரம் கிடையாது. மீறினால் 51ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரணாலயத்துக்கு ஆபத்தாகும்படி தீ மூட்டுவது தனிக் குற்றம். ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கண்டு கடலை விட்டு எதிர்த் திசையில் நகரும் என்பதால், கரையில் டார்ச் அடிப்பதும் கேடுதான்.

செய்ய வேண்டியது இதுதான். அந்த இடம் எந்த வனவுயிரினக் காப்பாளரின் எல்லைக்குள் வருகிறது என்பதை மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள். வருபவர்களின் பெயர், அடையாள அட்டை நகல், தேதி, நேரம், தங்க நினைக்கும் இடம், நோக்கம் ஆகியவற்றை எழுதி விண்ணப்பம் கொடுங்கள். ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். "அனுமதி தேவையில்லை, போங்க" என்று வாய்மொழியாகச் சொன்னால், அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். இரவு தங்க அனுமதி உண்டா, எந்தப் படகுகளுக்குப் பயணி உரிமம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகள் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். எழுத்தில் அனுமதி வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். விளம்பரம், உரையாடல், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. உரிமமற்ற படகு ஆள் ஏற்றுவதைக் கண்டால் 1093 என்ற கடலோரக் காவல் எண்ணுக்குச் சொல்லுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554. இந்த எண்களைக் கிளம்பும் முன்பே செல்போனில் பதிந்துகொள்ளுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: உயிர்காப்பு உடை இல்லையா, ஏறாதீர்கள். அனுமதிக் காகிதம் இல்லையா, கூடாரத்தை விரிக்காதீர்கள். யாராவது "பேசியாச்சு" என்றால், அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வீட்டுக்குத் திரும்புங்கள்.