மனநலப் பிரிவுகளில் தொற்றுத் தடுப்புப் பழக்கங்கள்

கைகழுவுதல், முகக்கவசம் அணிதல், இடைவெளி பேணுதல் ஆகியன கொரோனாக் காலத்தில் தனிமனிதப் பழக்கங்களாகவே வலியுறுத்தப்பட்டன. மனநோயுற்றோர் அவற்றைக் கைக்கொள்ளாமையை நோயின் விளைவாக மட்டும் கருதுதல் பொருந்தாது.

2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் சொங்தோ மாவட்ட மருத்துவமனை ஒன்றில், பூட்டப்பட்ட மனநலப் பிரிவில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருள் ஏறத்தாழ அனைவரையும் தொற்று பற்றியது. அந்நாட்டின் முதல் கொரோனா மரணமும் அங்கேயே நிகழ்ந்தது. கட்டிலின்றித் தரையில் அடுத்தடுத்துப் படுத்திருந்தோர் எவ்வாறு இடைவெளி பேணுவர்?

ஆல்கஹால் கலந்த சானிடைசரை நோயாளி அருந்திவிடக்கூடும் என்பதால் பல மனநலப் பிரிவுகளில் அது பொதுவிடத்தில் வைக்கப்படுவதில்லை, பணியாளரிடமே இருக்கும். முகக்கவசத்தின் கயிறும் மூக்குக் கம்பியும் தற்கொலை அச்சத்தால் ஐயத்துடனேயே நோக்கப்படுகின்றன. எனவே நோயாளியின் கைத்தூய்மை, அவரது மனவுறுதியைவிடப் பணியாளரின் எண்ணிக்கையையே பெரிதும் சார்ந்துள்ளது. விழிப்புணர்வுத் துண்டறிக்கைகள் இதனைக் கணக்கில் கொள்வதில்லை என்பதே என் கருத்து.

ஓ.சி.டி. உடையோர்க்கோ சிக்கல் நேரெதிரானது. கழுவத் தொடங்குவதன்று, நிறுத்துவதே அவர்களுக்கு அரிது. 20 வினாடி என்னும் அளவை அவர்களுக்குக் குறைந்தபட்சமாக அன்றி உச்சவரம்பாகக் கற்பித்தல் வேண்டும்.

அமெரிக்காவில் தடுப்பூசி 2020 டிசம்பரில் தொடங்கிற்று. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம், கடுங்கொரோனாவுக்கு ஏதுவான நோய்களின் பட்டியலில் மனச்சிதைவைச் சேர்த்ததோ 2021 அக்டோபரில்.