கஞ்சியும் கருங்காலியும்

வேலைநிறுத்த நாட்களில் கஞ்சித் தொட்டிக்கு முன் தட்டேந்தி நின்றவர்களுக்குத் தெரியும். ஊற்றுகிறவர் யார் பக்கம் என்று தெரியாமல் அந்தக் கஞ்சி தொண்டையில் இறங்காது. மதத்தின் பெயரால் சோறு போடுகிறோம் என்று யாராவது வந்தால் நமக்கு ஐயம் எழுவதும் அதனால்தான். ஒரு கையால் சோற்றைக் கொடுத்து, மறு கையால் வாயைப் பொத்தும் தருமவான்களை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம்!

ஆனால், அமெரிக்காவில் ஒரு கூட்டத்தார் உண்டு. அவர்கள் கதை வேறு.

1933 மே முதல் நாள். எங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். நியூயார்க் யூனியன் சதுக்கத்தில் திரண்ட தொழிலாளரிடையே ஒரு புதிய ஏடு விற்கப்பட்டது. பெயர் 'கத்தோலிக்கத் தொழிலாளி'. விலை ஒரு சென்ட். நடத்தியவர் டாரதி டே அம்மையார். முன்பு சோஷலிஸ்டு ஏடுகளில் எழுதியவர். பிரெஞ்சு உழவர் குடும்பத்தில் பிறந்த பீட்டர் மோரின் அவருக்குத் துணை.

பசித்தவன் வாசலில் நிற்கும்போது எழுதிக் கொண்டே இருக்க முடியுமா? சூப்பும் ரொட்டியும் கொடுத்தார்கள். வீடற்றோருக்குப் படுக்கை போட்டார்கள். தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. வந்தவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார்கள். 1936இல் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துறைமுகத்தருகே கடையொன்றை வாடகைக்குப் பிடித்துக் காப்பியும் ரொட்டியும் வழங்கினார்கள். நம் கஞ்சித் தொட்டியேதான்!

சோதனை வந்தது 1949இல். கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சொந்தமான கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வாரம் 48 மணி நேர உழைப்பை 40 ஆகக் குறை, கூலியைக் குறைக்காதே என்பது கோரிக்கை. எதிரே நின்ற முதலாளி யார்? நியூயார்க் கர்தினால் ஸ்பெல்மன்! 'கம்யூனிஸ்டு சதி' என்றார் அவர். குருமடத்து மாணவர்களைக் கூட்டி வந்து குழி வெட்ட வைத்தார். கருங்காலி வேலை, அதுவும் அங்கி அணியப் போகும் பிள்ளைகளைக் கொண்டு!

டாரதி அம்மையார் என்ன செய்தார்? கர்தினாலுக்கு நேரே கடிதம் எழுதினார்: தொழிலாளரிடம் போய்ப் பேசுங்கள் என்று. அவருடைய கூட்டத்தார் மறியலில் நின்றார்கள். தம் திருச்சபையின் பெருந்தலைவரையே எதிர்த்து! தொழிலாளர் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை என்பது உண்மை. கஞ்சி ஊற்றியவர் எந்தப் பக்கம் என்பது மட்டும் அன்று ஊருக்கே தெரிந்தது.

சூப்பால் வறுமை ஒழியுமா என்று கேட்பீர்கள். ஒழியாது, அம்மையாரும் ஒழியும் என்று சொன்னவரல்லர். வறுமையைப் பெற்றெடுக்கும் அமைப்பையே மாற்ற வேண்டும் என்று கடைசிவரை எழுதியவர் அவர்.

1980 நவம்பரில் அவர் மறைந்தது, வீடற்ற பெண்களுக்கென அவர்கள் நடத்திய இல்லத்தில். அதே ஆண்டு, எல் சால்வடோர் நாட்டு உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஓடி வந்த அகதிகளுக்காக, ஹூஸ்டன் நகரில் இவர்கள் வழி வந்த ஒரு தம்பதியர் 'காசா ஹுவான் டியேகோ' என்ற இல்லத்தைத் திறந்தனர். அங்கும் சம்பளத் தொண்டர் இல்லை. வேலையிடத்தில் அடிபட்டு, குடியுரிமைச் சீட்டில்லாத காரணத்தால் நாதியற்றுக் கிடந்த கூலியாட்களுக்கும் அங்கே கட்டில் போட்டார்கள்.