'பெட் இல்லை' என்று சொல்ல வேண்டியவர்

திருச்சி சாலையில் இரவில் விபத்து என்றால், அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு பலரும் ஓடுவது சூலூர் அரசு மருத்துவமனைக்கு. தலையில் பலத்த அடி என்றால் முதலுதவி செய்து கோவை ஜி.எச்.சுக்கு அனுப்பியாக வேண்டும். கூட வந்தவர்கள் விடமாட்டார்கள். "ஏனுங்க டாக்டர், இங்கயே பாத்து உடுங்க" என்று கெஞ்சுவார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தமும் போடுவார்கள். திட்டு வாங்குபவர் டியூட்டி டாக்டர். ஆள் பற்றாக்குறை, கருவிப் பற்றாக்குறை எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு மருத்துவ அலுவலர் ஒருவர் உண்டு. அவரை நாம் நினைப்பதேயில்லை.

சரி எதுவென்று தெரிந்தும் அதைச் செய்ய வழியில்லாமல் போகும்போது வரும் மன உளைச்சலைப் பற்றி 1984இல் அமெரிக்காவின் ஆண்ட்ரூ ஜேமெட்டன் எழுதினார். அவர் எழுதியது செவிலியரைப் பற்றி. அது நிர்வாகிகளையும் விடாது என்பதற்கு 2021 மே மாதக் கோவையே போதும். தினசரி கொரோனா தொற்றில் சென்னையை முந்தியிருந்தோம். முதல்வர் ஸ்டாலின் கவச உடையணிந்து சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வார்டுக்குள் போனது மே 30இல். அந்த நாட்களில் ஒரு ஆக்சிஜன் படுக்கை காலியானால், காத்திருப்பவர்களில் யாருக்கு என்று ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவோடுதான் அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

தனியாரில் நெருக்கடி வேறு மாதிரி. அட்வான்ஸ் கட்டாமல் அட்மிஷன் கிடையாது என்பார் முதலாளி. அதை நோயாளியிடம் சொல்ல வேண்டியவர் நிர்வாக டாக்டர். முதல் வருடம் தூக்கம் கெடும். பிறகு கெடாது. ஆபத்தே அங்கேதான். மரத்துப்போன நிர்வாகியிடம் நோயாளிக்கும் பாதுகாப்பில்லை.

சட்டம் இவர்களுக்கு எதிரி அல்ல. அவசர சிகிச்சையை அரசு, தனியார் எந்த மருத்துவரும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் சொன்னது. ரயிலிலிருந்து விழுந்த ஹக்கீம் ஷேக் என்பவரைக் கல்கத்தாவில் பல அரசு மருத்துவமனைகள் இடமில்லை என்று திருப்பி அனுப்பின. 1996 தீர்ப்பில் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கிடைத்தது. பணமில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவ அலுவலருக்கு இதைவிட நல்ல ஆயுதம் வேண்டாம். காலியிடத்தையும் பழுதான கருவியையும் நலப்பணிகள் இணை இயக்குநருக்குத் தேதியோடு எழுதி, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கோப்பில் ஏறாது. சக மருத்துவரின் முறைகேட்டை அச்சமின்றி வெளிப்படுத்த வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. தாங்க முடியாதபோது 14416 டெலி மானஸ் எண்ணில் இரவிலும் பேசலாம். டாக்டர் என்பதற்காக அங்கே வெட்கப்பட ஒன்றுமில்லை.

நோயாளி பக்கமும் வழி இருக்கிறது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும். பில் பாக்கிக்காக உடலைப் பிடித்துவைப்பது நோயாளர் உரிமைச் சாசனத்துக்கு விரோதம். தனியாரின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. டாக்டர் மீது கைவைத்தால் மட்டும் வழக்கு உங்கள் மேல்தான், 2008 தமிழ்நாட்டுச் சட்டப்படி.

வேறு ஊருக்கு அனுப்பினால், காரணத்தைப் பரிந்துரைச் சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். 'நிபுணர் இல்லை' என்று இருந்தால், அதன் நகலோடு இணை இயக்குநருக்கும் ஆட்சியரின் குறைதீர் நாளிலும் ஒரு மனு கொடுங்கள். உள்ளே இருந்து அதே பணியிடத்துக்காக எழுதிக்கொண்டிருக்கும் மருத்துவருக்கு அந்த மனு பலம்.