மலைநாட்டில் நட்ட ஸ்காட்லாந்து

கோல்ஃப் ஆட்டம் உருப்பெற்ற ஸ்காட்லாந்துக் கடற்கரைகளில் மரங்கள் அரிது. அலைக்கும் வயலுக்கும் இடையே உழவுக்கு உதவாமல் கிடந்த மணற்பாங்கான புல்வெளிகளே அங்கு ஆடுகளங்களாயின. 'லிங்க்ஸ்' எனப்படும் அவ்வகைக் களத்திலிருந்து ஆட்டம் உள்நாட்டுக்கும், பின்னர் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கும் பரவியபோது, மரவரிசைகளுக்கு இடையே புல்தரையைச் சீர்செய்து ஆடும் 'பார்க்லேண்ட்' என்னும் பூங்காவகைக் களம் தோன்றியது. இலங்கையில் இவ்வகைக்கு நல்ல சான்று, பிதுருதலாகல மலையின் அடிவாரத்தில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில், நுவரெலியா நகரின் நடுவிலேயே விரிந்துள்ள 18 குழிக் களமாகும்.

இக்களம் 1889இல் தொடங்கியது தற்செயலன்று. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் இங்கு மாளிகை எழுப்பியது முதலே, கொழும்பின் வெக்கை தாங்காத வெள்ளையர் இளைப்பாறும் ஊராக இது இருந்துவந்தது. அம்மாளிகையே இன்று களத்தை நோக்கி நிற்கும் கிராண்ட் ஹோட்டல். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்ததும் தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 1885இல் ரயில்பாதை அருகிலுள்ள நானுஓயாவை எட்டியது. தேயிலை தந்த பணமும் ரயில் தந்த வசதியும் கூடிய அந்தச் சில ஆண்டுகளுக்குள்தான், தோட்டத் துரைமாரும் படை அதிகாரிகளும் ஓய்வுநேரத்தைக் கழிப்பதற்கென இக்களம் எழுந்தது. இதை அமைத்தவர் கார்டன் ஹைலண்டர்ஸ் என்னும் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவர் என்று கூறப்படுகிறது. ஆனால் அந்த ஓய்வுக்கு ஈடான உழைப்பு, திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் திரட்டிக்கொண்டுவந்த தமிழ்த் தொழிலாளருடையது. காட்டை வெட்டித் தோட்டமாக்கி, லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் முடங்கி வாழ்ந்த அவர்களை விட்டுவிட்டு இம்மலைநாட்டின் எந்தக் கட்டடத்தின் வரலாற்றையும், எந்தப் புல்வெளியின் வரலாற்றையும் முழுமையாக எழுத இயலாது.

இன்று பார்ப்பவருக்குத் தொன்றுதொட்டு நிற்பவை போலத் தோன்றும் சைப்ரஸ், பைன், யூக்கலிப்டஸ் மரங்களும் வந்தேறிகளே. எனினும் இக்களத்தில் ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பவை அவைதாம். கடற்கரைக் களத்தில் ஆட்டக்காரரின் எதிரி காற்று. இங்கே எதிரி மரம். தொடக்கமேடையில் அடிக்கும் பந்து, 'ஃபேர்வே' எனப்படும் குட்டைப்புல் பாதையில் விழுந்து, அதன் முடிவில் 'கிரீன்' எனப்படும் மழித்த தரையிலுள்ள 108 மில்லிமீட்டர் அகலக் குழியைச் சேரவேண்டும். பாதை பிசகி அடிமரங்களுக்கு நடுவே சிக்கினால், ஓர் அடியைப் பலிகொடுத்துப் பந்தைப் பக்கவாட்டில் வெளியே தட்டிவிடுவதா, கிளைகளுக்குக் கீழே தாழ்வாகச் செலுத்திப் பார்ப்பதா என்னும் கேள்வி எழும். பேராசைப்பட்டவர் பெரும்பாலும் மரத்தில் மோதிய பந்தை மீண்டும் அதே நிழலில் தேடிக்கொண்டிருப்பார். இவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் பந்து வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகப் பறக்கும். சமவெளியில் ஆடிப் பழகியவர் இக்கணக்கைக் 'கேடி'யிடம், அதாவது மட்டைப்பையைச் சுமந்து வழிகாட்டும் உதவியாளரிடம், கேட்டறிவதே உத்தமம்.

மரமும் புல்லும் ஒன்றுக்கொன்று நட்பல்ல என்பதைச் சுற்றிப்பார்ப்பவர் எளிதில் கண்டுகொள்ளலாம். நிழல் விழுமிடத்தில் புல் மெலிந்து பாசி படர்கிறது. வேர்கள் நீரையும் உரத்தையும் முந்திக்கொள்கின்றன. மரத்தை வெட்டினால் புல் தேறும், ஆனால் களத்தின் தன்மையே போய்விடும். கவாத்து செய்து வெளிச்சம் விடுவது செலவு மிகுந்த வழியாயினும் அதுவே தக்கது.

களத்தை ஒட்டியுள்ள பழைய கல்லறையிடத்தில் மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் புதைக்கப்பட்டுள்ளார். 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் இவ்வதிகாரி 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். அதன்பின் அவர் கல்லறைமீதும் இடி விழுந்தது என்று ஊரார் சொல்வதில் யானைகளின் பக்கம் சாயும் நியாய உணர்ச்சி ஒளிந்திருக்கிறது.

ஆட வருவோர் கழுத்துப்பட்டையுள்ள சட்டை அணிவதும், ஒருவர் மட்டையை ஓங்கும்போது மற்றவர் அசையாமல் நிற்பதும் கோல்ஃப் உலகெங்கும் உள்ள மரபு. மட்டை பெயர்த்தெறிந்த புல்கட்டியை எடுத்துவந்து, பெயர்ந்த இடத்திலேயே வைத்து மிதித்துவிட்டுச் செல்லவேண்டும் என்னும் வழக்கமோ வெறும் சடங்கன்று. ஈரப்பதம் மிக்க இம்மண்ணில் அப்படி வைத்த புல் மீண்டும் வேர்பிடித்துவிடும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் 'சீசன்' நாட்களில் குதிரைப் பந்தயமும் மலர்க்காட்சியும் ஊரை நெருக்கடிக்குள்ளாக்கும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். ஆகவே அவசரமின்றி ஆட விரும்புவோருக்குப் பெப்ரவரி, மார்ச் மாதங்களின் காலைப்பொழுதே ஏற்றது. அப்போதும் ஒரு கம்பளிச்சட்டை கையில் இருப்பது நல்லது.