பிறரை வளர்த்த பெருந்தகை

இசைத்தட்டைக் கையில் எடுக்கும் நாம் பாடியவரின் பெயரைத் தேடுகிறோம். தயாரித்தவரின் பெயரைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எந்தப் பாடலைப் பதிவு செய்வது, எவ்வளவு வேகத்தில் பாடுவது, எந்தக் கருவிகளைச் சேர்ப்பது என்றெல்லாம் வழிகாட்டுபவர் அவரே. அத்தகையோருள் தலைசிறந்தவர் ஜார்ஜ் மார்ட்டின்.

இவர் 1926-ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். பயின்றது கத்தோலிக்கப் பள்ளிகளில். அவற்றுள் ஒன்று இயேசு சபைக் குருக்கள் நடத்திய புனித இஞ்ஞாசியார் பள்ளி. போர்க்காலத்தில் கடற்படையின் விமானப் பிரிவில் பணியாற்றினார். பின்னர் முறையாக இசை பயின்று, 1950-இல் இ.எம்.ஐ. நிறுவனத்தில் சேர்ந்தார். 1955-இல், தம் 29-ஆம் வயதில், அதன் பார்லோஃபோன் பிரிவுக்குத் தலைவரானார்.

1962-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் லிவர்ப்பூல் இளைஞர் நால்வர் அவரது பதிவுக்கூடத்திற்கு வந்தனர். அவர்களே பீட்டில்ஸ் குழுவினர். டெக்கா நிறுவனம் அவர்களை முன்னரே மறுத்திருந்தது. மார்ட்டின் அவர்களுடைய குறைகளையெல்லாம் எடுத்துரைத்துவிட்டு, தங்களுக்குப் பிடிக்காதது ஏதேனும் உண்டோ என்று வினவினார். அவருடைய கழுத்து டையே பிடிக்கவில்லை என்றார் ஜார்ஜ் ஹாரிசன்! வேறொருவராயின் சினந்திருப்பார். மார்ட்டினோ சிரித்தார், அவர்களைத் தம் பொறுப்பில் ஏற்றார்.

வேறொருவர் இயற்றிய பாடலொன்றை அவர்களுக்கென மார்ட்டின் தேர்ந்திருந்தார். அவர்கள் அதைப் பாடிப் பதிவு செய்தபின், தங்கள் சொந்தப் பாடலையே வெளியிட வேண்டுமென்று கேட்டனர். அதிகாரம் அவர் கையில் இருந்தும் அவர் வற்புறுத்தவில்லை. அதே வேளையில், தரத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. அதற்கு நிகரான பாடலைக் கொண்டுவரச் சொன்னார். மந்தமாக இருந்த ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ என்னும் அவர்கள் பாடலை விரைவாகப் பாடுமாறு திருத்தினார். 1963-இல் அது இங்கிலாந்து முழுவதும் அவர்கள் புகழைப் பரப்பியது. கைவிட்ட பாடலும் வீணாகவில்லை; ஜெரி அண்டு த பேஸ்மேக்கர்ஸ் என்னும் குழு அதைப் பாடி, அதே ஆண்டு விற்பனையில் முதலிடம் பெற்றது.

1965-இல் ‘யெஸ்டர்டே’ பாடலுக்கு நான்கு நரம்பிசைக் கருவிகளைச் சேர்க்கும் யோசனையும் மார்ட்டினுடையதே. முதலில் தயங்கிய பால் மெக்கார்ட்னி பின்னர் இசைந்தார். அடுத்த ஆண்டு ‘எலனார் ரிக்பி’ பாடலுக்கு எட்டுக் கருவிகளுக்கான இசையை மார்ட்டினே எழுதினார். குரு சீடரிடமும் சீடர் குருவிடமும் கற்ற காலம் அது!

தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்றபோதும் நிறுவனம் அவருக்கு விற்பனையில் பங்கு தரவில்லை. அதனால் 1965-இல் வெளியேறிச் சொந்த நிறுவனம் கண்டார். ஆயினும் அந்த நால்வரின் பாடல்களைத் தயாரித்துக் கொடுக்கும் பணியைக் கைவிடவில்லை. 2016-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள், தம் 90-ஆம் வயதில் காலமானார்.

நாசரேத்தூர்த் தச்சராகிய புனித சூசையப்பர் பேசிய ஒரு சொல்லையும் நற்செய்தி நமக்குத் தரவில்லை. எனினும் அவர் காத்து வளர்த்த திருமகனை உலகம் அறியும். நம் பிள்ளைகளின் தாலந்துகளும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்தவையே. நம் விருப்பத்தை அவர்கள்மீது சுமத்தாமலும், அவர்கள் சோம்பலுக்கு இடங்கொடாமலும், அவர்களுக்கே உரிய வரத்தைக் கண்டு வளர்ப்போமாக!