கோவையில் ஒரு கடற்கரை

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்து கடற்கரைப் படமா என்று தயங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோது மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். அங்கே சிற்பிகள் ஜானகிராமும் நந்தகோபாலும் உலோகத் தகட்டில் செய்த உருவங்களைப் பார்த்தால் தொட்டுப் பார்க்கக் கை தானாக நீளும். கடற்கரைப் படத்துக்கும் அந்த ஆசை வரவேண்டும்.

நீலம் அவ்வளவு முக்கியமில்லை என்பது என் கட்சி. காய்ந்த மணல், அலை நனைத்துவிட்டுப்போன மணல், நடுவே நுரைக்கோடு. இந்த மூன்றும் விரலுக்கு வேறுவேறாகப் பட்டால் படம் நின்றுவிடும்.

ஈர மணல் ஏன் கருத்துத் தெரிகிறது? காய்ந்த மணலில் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. விழுந்த வெளிச்சம் சிதறி நம் கண்ணுக்குத் திரும்பிவிடும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் வெளிச்சம் இன்னும் உள்ளே இறங்கும், திரும்பி வருவது குறையும். பலகைமேல் நிஜ மணலை ஒட்டிச் செய்யும் நம் படத்திலும் இதையே செய்யலாம். மணல் ஒட்டிக் காய்ந்தபின், ஈரம் வேண்டிய இடத்தில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் இரண்டு கை பூசுங்கள். துளி நிறம் சேர்க்காமலே அந்த இடம் கருக்கும். பூசாமல் விட்டது வெயிலில் காய்ந்த மணலாகவே இருக்கும்.

அடித்தளத்துக்கு கேன்வாஸைவிட பிளைவுட் நல்லது. கேன்வாஸ் அசையும், கனத்த பூச்சு விரிசல் விடும். பிளைவுட்டுக்கு இருபுறமும் பிரைமர் அடியுங்கள். ஒருபுறம் மட்டும் அடித்தால் வளையும். அக்ரிலிக் வால் புட்டியில் ஃபெவிகால் சேர்த்து, இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு அரை அங்குலம் அப்பினால் மேற்பரப்பு முதலில் காய்ந்து சுருங்கி வெடிக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டராக, முன் பூச்சு காய்ந்தபின் அடுத்தது. தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு வைத்து நகைகளை எழுப்புகிறவர்களின் பொறுமை இதற்கும் வேண்டும்.

கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் வேண்டாம். அது உடைத்த கல், முனையெல்லாம் கூர். ஆற்று மணல் தேய்ந்து மழுங்கியது, கரைக்குப் பொருந்தும். கடல் மணல் கொண்டுவந்திருந்தால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். தங்கும் உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துப் பூச்சைக் கெடுக்கும். பிறகு பசை தடவி, மணலைத் தூவி, சாய்த்து, ஒட்டாததைக் கொட்டிவிடுங்கள். பிரெஞ்சு ஓவியர் ஆந்த்ரே மாசோன் 1926-ல் ‘மீன்களின் போர்’ படத்தை இப்படிப் பசையும் மணலும் கொண்டுதான் தொடங்கினார்.

நுரைக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. ஸ்பின்னிங் மில் பஞ்சு, திருப்பூர் பனியன் வேஸ்ட், மருந்துக்கடை காஸ் துணி, எல்லாம் உதவும். எனக்குப் பிடித்தது காஸ் துணிதான். பசைத் தண்ணீரில் நனைத்து, இழைகள் விலகும்படி இழுத்து, ஓரத்தைக் கிழித்து, வளைத்துப் படியவிடுங்கள். வெட்டிய ஓரம் தெரிந்தால் அது துணியாகவே நிற்கும். கரையில் ஒதுங்கிய கயிற்றுக்குப் பொள்ளாச்சித் தென்னை நார் ஒரு முறுக்குப் போதும்.

எல்லாம் காய்ந்தபின் நீர்த்த பழுப்பு நிறம் பூசி, உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் நிறம் தங்கும். வார்னிஷ் கடைசியில்தான்.

பவளத் துண்டும் கடல் விசிறியும் அழகுக்காக விற்பனைக்கு வந்தால் வாங்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை அவை. மன்னார் வளைகுடாவில் உயிரோடு இருக்க வேண்டியவை. பவளக் கிளை வேண்டுமானால் ஈரமான புட்டியின்மேல் கெட்டி பிளாஸ்டிக் அட்டையை அழுத்தி நேராக மேலே தூக்குங்கள். கிளைகிளையாக நரம்பு எழும்பும். பக்கவாட்டில் இழுத்தால் அழிந்துவிடும். அப்போது கரண்டியால் சமப்படுத்தி மறுபடி அழுத்தினால் போதும்.